நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு காகிதம்

(இறுதியாண்டு மாணவர்கள் விடுதியில் கூட்டிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழி கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



போன வாரம் இந்த விடுதியிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணினான். "அண்ணா, ரெஸ்யூம் எழுதிக் குடுக்க ஒருத்தர் நாலாயிரம் கேக்குறார். குடுத்தா கம்பெனியிலிருந்து கால் வரும்னு சொல்றார். அம்மா குழுவுல கடன் எடுத்துத் தர்றேன்னு சொல்லுது. குடுக்கலாமாண்ணா?" கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் இதே நாலாயிரத்தை, இதே மாதிரி மகளிர் குழுக் கடனில் வாங்கி, நானும் கொடுத்திருக்கிறேன்.

நிலம், கூலி, வன்கொடுமை என்று பேச எவ்வளவோ இருக்கையில் இயக்கக் கூட்டத்தில் ரெஸ்யூம் பற்றிப் பேச்சா என்று சிலர் நினைக்கலாம். அரசு வேலை மட்டுமே நம் கண்ணில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வி வரவில்லை. டி.என்.பி.எஸ்.சி.யோ, வங்கித் தேர்வோ, ரயில்வேயோ, அவர்களுக்குத் தேவை விண்ணப்பம், தேர்வு மதிப்பெண், சான்றிதழ். அங்கே இட ஒதுக்கீடு இருக்கிறது. தனியார் துறையில் நமக்கு இன்றுவரை இட ஒதுக்கீடு இல்லை. அங்கே முதல் சல்லடை இந்த ஒரு பக்கக் காகிதம்தான். முகத்தைப் பார்க்கும் முன்பே நம்மைக் கழித்துவிடும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பி.காம். முடித்து ஒன்றரை வருடம் வேலை இல்லை. ஒரு சேவை நிறுவனம், பெயர் வேண்டாம், நாலாயிரம் வாங்கிக்கொண்டு மூன்றாம் நாள் ஒரு ரெஸ்யூம் அனுப்பியது. பார்க்க அழகு. இரண்டு பத்தி, ஓரத்தில் நீலப்பட்டை, நட்சத்திரக் குறிகள். "தலைமைப் பண்பு மிக்கவர்", "இலக்கு நோக்கி இயங்குபவர்" என்று இங்கிலீஷில் ஒரே புகழாரம். என்னிடம் அவர்கள் பேசியது மொத்தம் பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில் நான் ஒன்று சொல்லியிருந்தேன். எங்க அப்பா நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் லோடுமேன். 40 கிலோ மூட்டை. லீவில் நான் அங்கேதான் இருப்பேன். எந்த லாரியில் எத்தனை மூட்டை ஏறியது, ஆளுக்கு எவ்வளவு கூலி பிரிக்கணும், முன்பணம் வாங்கியவனுக்கு எவ்வளவு கழிக்கணும் என்று இரண்டு அறுவடைக்கும் நோட்டுப் போட்டு எழுதினேன். கணக்கில் ஒரு சண்டை வந்ததில்லை. இதைக் கேட்ட அந்தப் பெண்மணி, "அதெல்லாம் போட்டா நல்லா இருக்காது தம்பி" என்று நீக்கிவிட்டார். அந்த இடத்தில் நான் செய்யாத ஏதோ ஒரு 'குழுத் தலைமை' வந்து உட்கார்ந்தது.

ஒரே ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். "எந்தக் குழுவை வழிநடத்தினீங்க?" என்று கேட்டார்கள். எனக்கு வாய் வரவில்லை. என் ரெஸ்யூமை வேறு யாரோ வாழ்ந்திருந்தான். தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். குழுக்கடனை அம்மா பத்து மாதம் கட்டியது.

இப்போது யோசித்துப் பார்ப்போம். இந்தச் சேவைகள் எதை விற்கின்றன? மூன்று சரக்கு. ஒன்று இங்கிலீஷ். இரண்டு காகிதத்தின் வடிவம். மூன்று, அந்த உலகத்தில் எதைச் சொல்லணும், எதைச் சொல்லக்கூடாது என்ற பழக்கம். இந்த மூன்றும் மேல்சாதி நடுத்தர வீட்டுப் பையனுக்கு எங்கே கிடைக்கிறது? சாப்பாட்டு மேசையில் கிடைக்கிறது. சித்தப்பா கம்பெனியில் மேனேஜர், மாமா பையன் அமெரிக்காவில். "அங்கிள், கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்றால் முடிந்தது. அவனுக்குப் பரம்பரைச் சொத்தாக வருவதை நமக்குக் கடனில் விற்கிறார்கள். எனவே காசு கொடுக்கணும் என்று நினைக்கிற நம்ம பசங்களை யாரும் சோம்பேறி என்று சொல்ல வேண்டாம். தேவை உண்மையானது. விற்கிற சரக்கில்தான் சந்தேகம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செய்தித்தாளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. காகிதம் ஒன்றுதான், சல்லடை இரண்டு.

அமெரிக்காவில் பெர்ட்ராண்டும் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி போகிறது. வெள்ளையர் பெயருக்குக் கறுப்பர் பெயரைவிட 50 விழுக்காடு கூடுதல் அழைப்பு. அதோடு நிற்கவில்லை. ரெஸ்யூமின் தரத்தைக் கூட்டினால் வெள்ளையர் பெயருக்கு அழைப்பு 30 விழுக்காடு கூடியது, கறுப்பர் பெயருக்குக் கூடியது மிகக் கொஞ்சம். நன்றாகக் கவனியுங்கள். ஒரே காசு போட்டு ஒரே மெருகு ஏற்றினாலும் பலன் சமமாக வருவதில்லை. ஒடுக்கப்பட்டவன் கொடுக்கும் நாலாயிரம் மற்றவன் கொடுக்கும் நாலாயிரத்தைவிடக் குறைவாகத்தான் விலைபோகும்.

அதற்காக எல்லாக் கதவும் அடைப்பு என்று உட்கார்ந்துவிடக் கூடாது. 2009இல் வெளியான டெல்லி ஆய்வு ஒன்றில், சாப்ட்வேர் வேலைகளுக்கான அழைப்பில் சாதிவாரியான வேறுபாடு தெரியவில்லை. கால்சென்டர் வேலைகளில்தான் தெரிந்தது. எழுத்துப் பிழையும் இலக்கணப் பிழையும் திருத்துவதற்குப் பலன் இருக்கிறது. 2023இல் வந்த ஒரு ஆய்வில், ஏறக்குறைய 5 லட்சம் வேலை தேடுவோரில் ஒரு பாதிக்குப் பிழைதிருத்தும் மென்பொருள் உதவி தந்தார்கள். அவர்களுக்கு வேலை கிடைத்தது 8 விழுக்காடு அதிகம். ஆனால் அந்த மாதிரி உதவி இன்று போனிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கு எதற்கு நாலாயிரம்?

அடுத்தது, காகிதம் நம்மைக் காட்டிக்கொடுப்பது. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. அதனால் தேடுகிறவன் வேறு இடத்தில் தேடுவான். பழைய பயோடேட்டா படிவத்தைப் பாருங்கள்: தகப்பன் பெயர், தொழில், மதம், சாதி, முழு முகவரி. ஊருக்கு வெளியே நம்மைக் குடிவைத்து, 'காலனி' என்று பெயரும் வைத்து, அந்த முகவரியை நாமே டைப் அடித்துக் கொடுக்கிறோம். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவோம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்ததே 2025 ஏப்ரலில்தான். ரெஸ்யூம் என்ன சாதிச் சான்றிதழா? ஊர் பெயரும் போன் நம்பரும் இமெயிலும் போதும். மற்றது ரெஸ்யூமில் தேவையில்லை.

"இது ஒளிக்கிறது இல்லையா? அடையாளத்தை மறைக்கலாமா?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. 1917இல் வெளிநாட்டில் படித்துவிட்டு பரோடா வந்த அண்ணல் அம்பேத்கருக்குத் தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றின் பதிவேட்டில் பார்சிப் பெயர் எழுதித்தான் தங்க முடிந்தது. பதினோராம் நாள் தடியோடு வந்து விரட்டினார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் அவரே எழுதியிருக்கிறார். அவ்வளவு படித்தவருக்கே ஒரு ஏட்டில் பெயர் எழுதுவது இத்தனை பெரிய சோதனையாக இருந்தது. நான் சொல்வது வேறு பெயர் வைக்கச் சொல்வதல்ல. வேலைக்குச் சம்பந்தமில்லாததைக் கொடுக்காதே என்பது ஒன்று. நம் உழைப்பை மட்டும் ஒளிக்காதே என்பது இன்னொன்று. அந்தப் பெண்மணி செய்தது இரண்டாவது. சாதியைக் காப்பாற்றிவிட்டு, உழைப்பை அழித்தார்.

பிறகு என்ன நடந்தது? எங்கள் ஊரிலிருந்து வங்கி வேலைக்குப் போன ஒரு அக்கா, அந்த நீலப்பட்டைக் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். "உனக்கு என்ன தெரியும், சொல்லு" என்றார். மூட்டைக் கணக்கைச் சொன்னேன். "இதுதாண்டா அக்கவுண்ட்ஸ்" என்றார். எத்தனை பேர் கூலி, தினம் எத்தனை மூட்டை, எத்தனை நாள் என்று எண்ணோடு எழுத வைத்தார். அடுத்த இன்டர்வியூவில் அதைப் பற்றித்தான் இருபது நிமிடம் கேட்டார்கள். நான் வாழ்ந்ததை நான் சொன்னேன். தடுமாறவில்லை. ஒரு மில்லில் கணக்கு வேலை கிடைத்தது. அக்கா டீக்காசுகூட வாங்கவில்லை.

ஆக, கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன். படித்து முடித்து முதல் வேலை தேடுகிறவர் காசு கொடுக்க வேண்டாம். கடன் வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். பத்து வருட அனுபவத்தோடு வேறு துறைக்கு மாறுகிறவர், கைச்சம்பளத்திலிருந்து தர முடிந்தால், யோசிக்கலாம். அப்போதும் நிபந்தனை உண்டு. எழுதுகிறவர் உட்கார்ந்து ஒரு மணி நேரமாவது உங்களைக் கேள்வி கேட்கணும். நீங்கள் செய்யாத எதையும் சேர்க்கக் கூடாது. திருத்தக்கூடிய கோப்பை உங்கள் கையில் தரணும். "வேலைக்கு கேரண்டி" என்று சொல்கிறவனை விட்டு விலகிவிடுங்கள். ரெஸ்யூமுக்குப் பிறகு பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று கேட்டால் அது மோசடி. ஆதார் நகல், ஓ.டி.பி. எதையும் கொடுக்காதீர்கள். வேலை தருகிறவன் வேலை கேட்பவனிடம் காசு கேட்கமாட்டான்.

இதற்குப் பதில் என்ன செய்வது? ஒரே பக்கம், ஒரே பத்தி, சாதாரண எழுத்து. பல கம்பெனிகளில் முதலில் படிப்பது மென்பொருள். நீலப்பட்டையும் கட்டங்களும் அதைக் குழப்பும். சித்தாள் வேலை, கேட்டரிங், டியூஷன், கடையில் கல்லா, எதைச் செய்திருந்தாலும் எண்ணோடு எழுதுங்கள். எழுதியதை மூன்று பேர் படிக்கணும்: அந்த வேலை தெரிந்தவர், இங்கிலீஷ் தெரிந்தவர், உங்களைத் தெரியாதவர். செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பிழைதிருத்தப் பயன்படுத்துங்கள், பொய் சொல்லப் பயன்படுத்தாதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம், தாட்கோ பயிற்சிகள், 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் எல்லாம் நம் வரிப்பணம். போய்க் கேளுங்கள்.

கடைசியாக வேலைக்குப் போன அண்ணன் அக்காமாருக்கு ஒரு வார்த்தை. மாதம் ஒரு ஞாயிறு விடுதிக்கு வாங்க. மேல்சாதிக்காரனுக்கு மாமாவும் சித்தப்பாவும் இருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நாம்தான் இருக்கிறோம். ஒவ்வொரு விடுதியிலும் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் அந்த நாலாயிரம் வியாபாரம் நம்மிடம் நடக்காது. அதே சமயம், நல்ல ரெஸ்யூம் எழுதிவிட்டால் சாதி போய்விடும் என்று யாரும் ஏமாற வேண்டாம். 0.67ஐ 1 ஆக்க மெருகால் முடியாது. தனியார் துறையில் இட ஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கையை அதனால்தான் விடாமல் வைத்திருக்கிறோம். சல்லடையை மாற்றும் போராட்டம் ஒரு பக்கம், இந்த மாதம் சல்லடையைத் தாண்ட வேண்டிய பிள்ளை ஒரு பக்கம். இரண்டையும் நாம்தான் பார்க்கணும்.

போன் பண்ணிய தம்பியிடம் அன்றைக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "அம்மாவைக் கடன் வாங்க விடாதே. ஞாயிற்றுக்கிழமை வர்றேன், ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துவை" என்று மட்டும் சொன்னேன். அதோ, மூன்றாம் வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறான். பேச்சு போதும். மேசையை இழுத்துப் போடுங்கள், அவனிலிருந்து தொடங்குவோம்.

ஜெய்பீம்.