பல்கலைக்கழகப் பதவியை நாடுவோர்

ஆராய்ச்சியிலும் போதனையிலும் ஈடுபட விழையும் பட்டதாரிகள் பலர், “அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?” என்று கூறி, விண்ணப்பமே செய்யாது ஒதுங்கிவிடுகின்றனர். தட்டிப் பாராதவருக்குக் கதவு பூட்டியிருக்கின்றதா, வெறுமனே சாத்தியிருக்கின்றதா என்பது எங்ஙனம் தெரியும்?

1942இல் நம் நாட்டில் இருந்தது இலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றே. பின்னர் யாழ்ப்பாணத்திலும், கிழக்கிலும், தென்கிழக்கிலும், 2021இல் வவுனியாவிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன.

தகுதிகாண் விரிவுரையாளர் பதவிக்குப் பொதுவாக முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுச் சிறப்புப் பட்டம் வேண்டப்படும். நியமனம் பெற்றபின் குறித்த காலத்துள் உயர் பட்டமும் பெறல் வேண்டும். பத்திரிகைகளிலும் பல்கலைக்கழக இணையத்தளங்களிலும் வரும் அறிவித்தல்களில், பதவியின் பெயரை மட்டுமன்றிக் கோரப்படும் பாடத்துறையையும் முடிவுத் திகதியையும் கூர்ந்து நோக்குங்கள்.

தற்காலிக உதவி விரிவுரையாளர், ஆராய்ச்சி உதவியாளர் பதவிகளை இகழற்க. கட்டுரை எழுதும் பயிற்சியும், உங்கள் உழைப்பை நேரிற் கண்டு சான்றுரைக்கும் பேராசிரியரும் அங்கேதான் வாய்ப்பர். எனினும் நிரந்தர வேலையில் உள்ளவர் குடும்ப நிலையையும் சீர்தூக்கியே துணிதல் நன்று.

அரசாங்க ஆசிரியர்கள் தத்தம் மேலதிகாரி மூலமே விண்ணப்பித்தல் வேண்டும். ஆதலால் முற்கூட்டியே கொடுத்துவிடுங்கள். என் போன்ற அதிபர்களுக்கும் ஒரு சொல்: நல்லாசிரியரை இழக்க மனமின்றி அவ்விண்ணப்பத்தை மேசையில் உறங்கவிடுதல் முறையன்று. அவர் பயிற்றும் பட்டதாரிகளே நாளை நம் வகுப்பறைகளுக்கு ஆசிரியராய் வருவர்.