வயலை விற்றுத்தான் சபர் போக வேண்டுமா?



ஜூன் 12-இல் மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா என்று காத்திருப்பது நம் டெல்டாவின் வழக்கம். குறுவை தவறினால், "பையனை சபருக்கு அனுப்பிவிடலாம்" என்ற பேச்சு வீட்டில் எழும். அதில் தவறில்லை; ஹலாலான உழைப்பு எங்கிருந்தாலும் நன்மையே. ஆனால் விசாவுக்காக வயலை விற்றும், நகையை வட்டிக்கு வைத்தும், பிறகு கண்ணீரோடு டிரஸ்ட் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களை நாங்கள் பார்க்கிறோம். பிள்ளை அனுப்பும் சம்பளம் கடனுக்கே போகிறது.

ஆகவே முடிவெடுக்கும் முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மஷூரா செய்யுங்கள். பையன் போனபின் நாற்றங்காலும் மாடும் யார் பொறுப்பு? பெரும்பாலும் தாய்க்கும் மனைவிக்கும்தான் அந்தச் சுமை. அவர்களையும் கேளுங்கள்.

அரசு உரிமம் பெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அவர் பெயர் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதிகம் கேட்டால், பணம் கொடுக்கும் முன் எங்களிடம் வாருங்கள்.

வயலைக் குத்தகைக்கு விட்டுப் போகலாம். விற்றுவிட்டால், திரும்பி வரும் பிள்ளைக்குப் பிழைப்பு ஏது?

இஸ்திகாரா தொழுது முடிவெடுங்கள். அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.