பழைய பாட்டும் பழைய புத்தியும்
(கள்ளக்குறிச்சிக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



சினிமாப் பாட்டைப் பற்றிப் பேசப் பகுத்தறிவுக்காரனுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கு நாற்பது சொச்சம் வயது. 1980-ஐ ஒட்டி வந்த பாட்டுகளைக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் டீக்கடை டேப்பிலும் கேட்டு வளர்ந்தவன். இன்றைக்குக் கேட்டாலும் கால் தானாகத் தாளம் போடுகிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் காது கேட்கும்போது மூளை ஏன் தூங்க வேண்டும்?

1976-ல் “அன்னக்கிளி” வந்தது. இளையராஜா அவர்கள் இசையமைத்து வெளிவந்த முதல் படம் அது. வயற்காட்டிலும் தொட்டிலடியிலும் கேட்ட மெட்டு சினிமாவில் கேட்டது. ஜனங்கள் சொக்கிப் போனார்கள். ஏன் என்று கேட்டால், “சரஸ்வதி கடாட்சம், பிறவியிலேயே வந்த வரம்” என்கிறார்கள்.

அவர் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்டு மேடைகளுக்கு ஊர் ஊராகப் போய் வாசித்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டுச் சங்கீதம் கற்றவர். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக உழைத்தவர். முதல் படம் வரும்போது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வரமென்றால் இத்தனை வருஷப் பாடு எதற்கு? அவர் கடவுள் பக்தர்தான். அது அவர் நம்பிக்கை. நான் கேட்பது நம் புத்தியைப் பற்றி. ஒருவன் உழைப்பை வரமென்று சொன்னால், நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, “இது உன் ஜாதிக்கு வராது” என்று சொல்லவும் அதே வாய் கூசாது.

நிற்க. அந்தப் பாட்டுகளில் பறையும் தவிலும் கேட்டால் கல்யாணத்தில் துள்ளி ஆடுகிறோம். அதே பறையை அடிக்கிற தோழனை எங்கே நிறுத்துகிறோம்? பந்தலுக்கு வெளியே! பெட்டிக்குள்ளிருந்து வந்தால் இசை. அவன் கையிலிருந்து வந்தால் தீட்டா? இதற்குப் பெயர் ரசனையா?

அதே 1976-ல்தான் நம் கல்வராயன் மலையில் ஜாகீர்தார்கள் ஆதிக்கம் முடிந்தது. மலையாளி மக்களைக் கூலியின்றி வெட்டி வேலை வாங்கிய காலம் அது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அந்த வருஷத்ததே. எந்தச் சாமியும் வந்து மாற்றவில்லை. மனிதன் போட்ட சட்டம் மாற்றியது. ஜாகீர்தார் போய் ஐம்பது வருஷமாகியும் பந்தல் வாசலில் ஜாதி மட்டும் காவல் நிற்கிறதே, அதை யார் விரட்டுவது?

ஆகவே தோழர்களே, பழைய பாட்டைத் தாராளமாகக் கேளுங்கள். “அந்தக் காலம்போல் வருமா” என்று பெருமூச்சு விடவேண்டாம். அந்தக் காலத்தில் வெட்டி வேலையும் இருந்தது. உங்கள் வீட்டில் அடுத்த கல்யாணம் நடக்கும்போது, பறையடிக்கும் தோழனுக்குப் பேசிய கூலியைக் குறையாமல் கொடுங்கள். உங்கள் பந்தியிலேயே உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுங்கள். அதைச் செய்கிறவனே பாட்டைக் கேட்டவன் என்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.