வெட்கம் மட்டும் பீடியை அணைக்குமா?

(மும்பையில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்த நேரத்தில், கல்லூரியில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். “காலம் மாறிக்கொண்டே வருகிறது, சிகரெட் பிடிப்பவனை இப்போது யாரும் மதிப்பதில்லை, இப்படியே போனால் புகையும் போதையும் தாமாகவே ஒழிந்துவிடாதா? இதற்கென்று தனியே கூட்டம் எதற்கு?” என்றார். நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லவே இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

முதலில், அந்தப் பிள்ளை சொன்னதில் உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வோம். நம்மில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நினைத்துப் பாருங்கள். ஊரில் கலியாண வீட்டு வாசலில் வெற்றிலைத் தட்டோடு சிகரெட்டையும் பரப்பி வைப்பார்கள். வைக்காவிட்டால் சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள். பஸ்ஸில் புகைத்தார்கள், ஆபீசில் புகைத்தார்கள், சினிமாக் கொட்டகையில் திரையே தெரியாமல் புகைத்தார்கள். இன்று அப்படி யாராவது செய்தால் பக்கத்தில் இருக்கும் பெண்மணியே “வெளியே போய்ப் பிடியுங்கள்” என்று சொல்லிவிடுகிறார்.

கணக்கும் அதையே சொல்லுகிறது. மத்திய அரசு நடத்திய கணக்கெடுப்பில், 2009-10ல் இந்நாட்டின் வயது வந்தோரில் 34.6 சதவிகிதம் பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். 2016-17ல் அது 28.6 சதவிகிதமாகக் குறைந்தது. 15 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களில் 18.4 சதவிகிதம் 12.4 ஆயிற்று. இது சிறிய வெற்றியன்று. ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொல்லுகிறது: குறைந்த பின்பும் மிச்சமிருந்தவர்கள் ஏறத்தாழ 26.7 கோடிப் பேர்!

சரி, இந்த மாற்றம் தானாக வந்ததா? அங்கேதான் எங்களுக்கும் அந்தத் தம்பிக்கும் கருத்து வேறுபாடு.

புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டாக்டர்கள் 1950லேயே ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். ஆனால் மக்கள் மனம் அன்றைக்கே மாறிவிடவில்லை. இந்நாட்டில் 1999ல் கேரள உயர்நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பது குற்றம் என்று தீர்ப்பளித்தது. 2001ல் நம் மும்பையைச் சேர்ந்த முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அதே வழியைக் காட்டியது. 2003ல் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. தமிழரான அன்புமணி ராமதாஸ் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2ஆம் நாள் பொது இடத் தடை விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. 2016ல் பாக்கெட்டின் 85 சதவிகிதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் ஏறியது. இத்தனைக்கும் பிறகுதான் அந்தப் பெண்மணிக்கு “வெளியே போய்ப் பிடியுங்கள்” என்று சொல்லும் துணிச்சல் பிறந்தது. சட்டம் மனத்தை மாற்றியது. மாறிய மனம் சட்டத்தைக் காத்தது. இரண்டும் ஒரு வண்டியின் இரண்டு மாடுகள். ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டி ஓடும் என்று எண்ணாதீர்கள்.

வெட்கம் ஒன்றே மருந்தாகுமா என்று பார்க்க வேண்டுமானால், தாய்மார்களே, நம் வீடுகளுக்குள்ளேயே பார்க்கலாம். பெண் புகை பிடிப்பதை நம் சமுதாயம் என்றைக்கும் ஏற்றதில்லை. அதனால் 2016-17 கணக்கில் புகைத்த பெண்கள் 2 சதவிகிதம்தான். ஆனால் வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டியை யாராவது குறை சொன்னோமா? மகாராஷ்டிரத்துக்கு வந்த பின் பக்கத்து வீட்டுப் பெண்களைப் பார்த்து, கருக்கிய புகையிலைத் தூளான மிசிரியால் பல் துலக்கக் கற்றுக்கொண்டோமே, அதை யாராவது கெட்ட பழக்கம் என்றோமா? அதே கணக்கில் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்திய பெண்கள் 12.8 சதவிகிதம்! அதாவது வெட்கம் புகையிலையை ஒழிக்கவில்லை. உதட்டிலிருந்து எடுத்துக் கன்னத்துக்குள் ஒளித்து வைத்தது. இந்திய ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் நிற்பது வாய்ப் புற்றுநோய். பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதையில், எங்கெங்கிருந்தோ வந்த குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு படுத்திருப்பதை நாம் அறிவோம். அவர்களில் எத்தனை பேர் “நான் பீடியைத் தொட்டதே இல்லை ஐயா, கொஞ்சம் புகையிலை மட்டும் போடுவேன்” என்று சொல்லுவார்களோ!

தோழர்களே, தொழிலாளி ஏன் இதைக் கைவிட மாட்டேன் என்கிறான்? அறிவில்லாமலா? பாக்கெட்டில் உள்ள படம் கண்ணுக்குத் தெரியாமலா? இல்லை. காலை ஏழு மணிக்கு நாக்காவில் போய் நின்று, வேலை கிடைத்து, கான்கிரீட் சட்டி தூக்கி, மதியம் வரை வயிற்றுக்கு ஒன்றும் போடாமல் நிற்கிறவனுக்கு ஒரு சிட்டிகை கைனி பசியை மறக்கடிக்கிறது. நிக்கோட்டின் என்னும் நஞ்சின் குணம் அது. இராத்திரி ஷிப்டில் கண் சொருகும்போது பீடி தட்டி எழுப்புகிறது. இன்னொன்றும் உண்டு: “கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்” என்றால் மேஸ்திரி விடமாட்டான், “ஒரு பீடி குடித்துவிட்டு வருகிறேன்” என்றால் விடுவான். ஓய்வைக் கேட்டுப் பெற முடியாத இடத்தில் பீடிதான் ஓய்வுச் சீட்டாக இருக்கிறது. இவனைப் பார்த்து “வெட்கமில்லையா?” என்று கேட்பது சுலபம். அவனுக்கு நேரத்துக்குச் சோறும், எட்டு மணி நேர வேலையும், இடையில் உட்கார ஒரு நிழலும் வாங்கித் தருவதுதான் கடினம். கடினமானதைச் செய்ய மனமில்லாதவர்கள் சுலபமானதைச் செய்துவிட்டுச் சீர்திருத்தம் என்று பெயரிடுகிறார்கள்.

இன்னும் ஒரு கசப்பான உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். இந்த மன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துக்காரர்கள் பலர். ஊரில் நம் அக்காவும் மதினியும் என்ன செய்கிறார்கள்? மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு இலையை வெட்டி, தூளைப் போட்டு, நூலைக் கட்டுகிறார்கள். அக்கா அங்கே சுற்றுகிறாள். தம்பி இங்கே இழுக்கிறான். அக்காவுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அதிலும் கழிவு என்று சொல்லி ஒரு பங்கு தள்ளப்படும். நாளெல்லாம் தூளை மூச்சில் இழுத்து, விரல் வழியாகவும் நஞ்சை ஏற்றுக்கொள்பவள் அவள். நாடு முழுவதும் சுமார் ஐம்பது இலட்சம் பேர் இத்தொழிலில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே சுற்றும் பெண்கள்.

“பீடி ஒழிக” என்று நாம் முழங்கினால், “எங்கள் அடுப்பு அணைந்துவிடுமே தம்பி” என்று அவள் கேட்பாள். அவள் கேட்பது நியாயம். ஆனால் அவளுடைய பெயரைச் சொல்லி ஆதாயம் பெறுவது யார்? பீடிக்குச் சலுகை கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் பிழைப்புதான் எடுத்துக் காட்டப்படுகிறது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மன்றம் பீடி மீதான வரியை 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவு செய்தது. அந்தக் குறைவு அவள் கூலியில் எத்தனை ரூபாயாக வந்து சேரும் என்று யாராவது உறுதி சொன்னார்களா? பீடித் தொழிலாளரின் மருத்துவம், வீடு, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்காக 1976ல் நலநிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதற்கென்று பீடி மீது தனித் தீர்வை போடப்பட்டது. 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வை நீக்கப்பட்டது. பீடி மலிவாக இருக்க வேண்டும், சுற்றுகிறவளும் மலிவாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த வியாபாரத்தின் தர்மம். ஆகவே அக்காவுக்கு வேறு தொழிலும், அது கிடைக்கும் வரை நியாயமான கூலியும் கேட்காமல், தம்பியின் பீடியை மட்டும் பிடுங்குவது அரைக் கிணறு தாண்டுவதாகும்.

இனிப் போதைப் பொருளுக்கு வருவோம். மனப்பான்மை மாறினால் எல்லாம் ஒழிந்துவிடும் என்பவர்கள் இங்கே விடை சொல்ல வேண்டும். பிரௌன் சுகர் 1980களில் இந்த நகரத்துக்குள் நுழைந்தது. அன்று முதல் இன்று வரை அதை யாராவது மதித்தது உண்டா? கலியாணத் தட்டில் வைத்தது உண்டா? அதன் மேல் சமுதாயத்துக்கு இருக்கும் வெறுப்பு நூற்றுக்கு நூறு. 1985ல் கடுமையான சட்டமும் வந்தது. அப்படியும் 2019ல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, அபின், ஹெராயின் வகையைச் சேர்ந்த போதைகளைப் பயன்படுத்துவோர் 2 கோடிக்கும் மேல் என்று கூறியது. வெறுப்பு என்ன சாதித்தது? பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்தியது. பாலத்தின் அடியில் படுக்க வைத்தது. அதே ஆய்வின்படி, தடை செய்யப்பட்ட போதைக்கு அடிமையானவர்களில் மிகச் சிலருக்குத்தான் சிகிச்சை கிடைத்தது. மற்றவர்கள் வெட்கத்தாலும் போலீஸ் பயத்தாலும் ஒளிந்து கிடந்தார்கள்.

அப்படிப்பட்ட பிள்ளை யார் வீட்டிலாவது இருந்தால், பெற்றோர்களே, இதைக் கேளுங்கள். தானாக முன்வந்து சிகிச்சைக்குச் சேரும் அடிமைப்பட்டவரை, சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த குற்றத்துக்காக வழக்கிலிருந்து விடுவிக்க, அந்த 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவில் வழி இருக்கிறது. பையனை ஒளித்து வைக்காதீர்கள், அடித்துத் துரத்தாதீர்கள். மருத்துவரிடம் கொண்டு போங்கள். அது கெட்ட நடத்தை மட்டுமன்று, நோயும் கூட.

ஒருமுறை வென்றுவிட்டால் வென்றதுதான் என்றும் எண்ண வேண்டாம். 1992ல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் ஏழைப் பெண்கள் சாராயத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். எழுத்தறிவு வகுப்பில் பற்றிய நெருப்பு அது. 1993ல் ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995ல் முழு மதுவிலக்கே வந்தது. 1997ல் அந்த மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. வருவாய் வேண்டும் என்பது அரசின் கவலை. நியூசிலாந்தில் 2009 முதல் பிறந்தவர்களுக்கு என்றைக்குமே சிகரெட் விற்கக்கூடாது என்று 2022ல் சட்டம் செய்தார்கள். 2024ல் புதிய அரசாங்கம் அதை நீக்கியது. இங்கே மகாராஷ்டிரத்தில் 2012ல் குட்கா தடை செய்யப்பட்டது. பாக்கு ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம் என்று பிரித்து விற்று வாங்குகிறவனே கலந்துகொள்ளும்படி செய்தார்கள். வியாபாரி தூங்குவதில்லை. அரசாங்கம் வருவாயை மறப்பதில்லை. மக்கள் தூங்கினால் கதை முடிந்தது.

ஆகவே, கேள்வி கேட்ட தம்பிக்கு எங்கள் விடை இதுதான்: புகையும் போதையும் தாமாக ஒழியா. ஆனால் குறைக்க முடியும். மிக மிகக் குறைக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 1965ல் வயது வந்தோரில் 42 சதவிகிதம் பேர் சிகரெட் பிடித்தார்கள். 2022ல் சுமார் 12 சதவிகிதம். ஆனால் அங்கேயும் இன்று மிச்சமிருக்கும் புகை, பணம் குறைந்தவன் வீட்டிலும் படிப்புக் குறைந்தவன் வீட்டிலும்தான் அதிகம். நாகரிகம் மாறினால் வசதியுள்ளவன் முதலில் வெளியேறிவிடுகிறான். ஏழை உள்ளே மாட்டிக்கொள்கிறான். நாம் உள்ளே மாட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கூட்டம்.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. நம் சங்க மன்றத்திலும் நம் வீட்டு விசேஷங்களிலும் புகையிலைக்கு இடமில்லை என்று முடிவு செய்வோம். மிசிரிக்கும் அதே விதி. பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்பது சட்டம். நம் பகுதிப் பான் கடைகளை அளந்து பார்த்து மாநகராட்சிக்கு எழுதுவோம். வேலையிடத்தில் தொழிற்சங்கத்தின் மூலம் பீடி இல்லாத ஓய்வு நேரத்தைக் கேட்போம். ஊருக்குப் போகும்போது பீடி சுற்றும் நம் பெண்களின் கூலிக் கோரிக்கைக்குத் துணை நிற்போம். விட முயல்கிறவனுக்கு முதல் சில நாட்களில்தான் எரிச்சலும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும்; அந்த நாட்களில் வீட்டார் சண்டை போடாமல் பொறுத்துக்கொள்ளுங்கள். விட விரும்புவோருக்கு அரசின் இலவசத் தொலைபேசி 1800-11-2356 இருக்கிறது; பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள்.

தோழர்களே! ஒருவன் வழுக்கி மறுபடி ஒரு பீடியைப் பற்றவைத்தால் அவனைக் கேலி செய்யாதீர்கள். பலர் பலமுறை முயன்ற பிறகுதான் விடுகிறார்கள். வெட்கப்பட வேண்டியவன் அவனல்லன். அவன் பசியையும் களைப்பையும் காசாக்கியவர்கள்தான். கேலி செய்கிற நேரத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அந்த ஐந்து நிமிடமும் ஓய்வுதான்.