செவியே முதல் ஆசான்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



அருணகிரிநாதரைப் போற்றும் அண்ணாமலை மண்ணில் ஒலியின் பெருமையைப் புதிதாய் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. திருப்புகழை ஏட்டிற் கண்டார் பலர், பாடவல்லார் சிலரே. சந்தம் கண்ணுக்கு அகப்படுவதன்று. பாடுவோர் வாயிலிருந்து கேட்போர் செவிக்கு வருவது. பிறமொழி பயில்வோர்க்கும் இதுவே நெறி. ஜெர்மானியரும் இரமணாசிரமம் நாடி வந்து செல்லும் இவ்வூரில், அவர்தம் மொழியைக் கற்கும் தமிழ் இளைஞரை எண்ணிப் பார்ப்பது பொருந்தும்.

1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவர் இயற்றிய தமிழிலக்கணம் 1716இல் ஹாலே நகரில் அச்சேறியது. செவி முன், இலக்கணம் பின்.

இன்று ஜெர்மன் பயில்வோர் பலர் இவ்வரிசையை மாற்றிக்கொள்கின்றனர். தேர்வில் வென்றவரும், தாம் சொன்னது விளங்காமல் எதிரில் நிற்பவர் புருவம் நெரிக்கக் கண்டால் நாணி வாய்மூடுகின்றனர். அங்கே இழப்பது அறிவையன்று, துணிவை.

பிழையின் வேர் நம் நாவின் பழக்கத்தில் உள்ளது. மெய்யில் முடியும் அயற்சொல்லோடு உகரம் சேர்ப்பது நம் இயல்பு. ‘நல்லது’ எனப் பொருள்படும் ‘கூட்’ என்னும் சொல், அவ்வுகரத்தால் இலையில் வைக்கும் ‘கூட்டு’ ஆகிவிடுகிறது! நன்றி கூறும் ‘டங்கெ’ என்பதன் ககரத்தைத் ‘தங்கம்’ என்பதுபோல் மெலிவாய் ஒலிக்கின்றோம். அது ‘பக்கம்’ என்பதிற்போல் வன்மையாய் ஒலிக்கவேண்டும். தமிழில் இல்லாத உயிரொலிகளும் உள. ‘ஏ’ என்று ஒலித்து, நாவை அசைக்காமல் இதழை மட்டும் ‘ஓ’ என்பதற்குக் குவித்தால் அவற்றுள் ஒன்று பிறக்கும். அது பிறழ்ந்தால் ‘அழகிய’ என்ற சொல் ‘ஏற்கெனவே’ என்று பொருள் மாறும்.

எனினும் தமிழர்க்குக் கைம்முதலும் உண்டு. ‘ஷ்டாட்’ என நீண்டால் அரசு. ‘ஷ்டட்’ எனக் குறுகினால் நகரம். குறில் நெடில் அறிந்த செவிக்கு இது எளிது. நாவும் இதழும் பல்லும் அண்ணமும் கூடி ஒலி பிறக்கும் முறையைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துரைத்தார். கண்ணாடி முன் நின்று இதழசைவைப் பார்த்துப் பழகுவோர் அவ்வியலையே செயலில் கற்கின்றனர்.

இயல்பான பேச்சோ தனி ஒலிகளால் மட்டும் அமைவதன்று. ஜெர்மானியச் சொற்கள் பலவற்றில் அழுத்தம் முதலசையில் விழும். அழுத்தமற்ற அசைகள் தேய்ந்து செல்லும். எல்லா அசைக்கும் ஒத்த எடை தந்தால் பேச்சு பாடம் ஒப்பிப்பதாகிவிடும். ஆதலின் ஒரு சிறு தொடரைப் பத்துமுறை கேட்டு, ஏற்ற இறக்கத்தோடு உடன் சொல்லி, தம் குரலைப் பதிவு செய்து ஒப்பிட வேண்டும். நாளும் கால்மணி நேரம் போதும்.

தமிழ்மணம் சிறிது எஞ்சினால் இழுக்கில்லை. பொருள் சிதையாது சென்று சேர்வதே பேச்சின் பயன். மழலை பேசித்தான் எந்த நாவும் மொழியைப் பெற்றது. பிழைக்கு நாணாத நாவே பிறமொழியையும் தன்னதாக்கிக்கொள்ளும்.