மஞ்சள் பையில் கிடந்த ஊசி



நான் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு சுத்தம் பார்க்கிறேன். ஒப்பந்த வேலைதான். அங்கே ரத்தப் பஞ்சு மஞ்சள் பைக்கு, ஊசி வெள்ளை டப்பாவுக்கு. ஒருநாள் மஞ்சள் பையைக் கட்டும்போது, அதில் யாரோ போட்டிருந்த ஊசி கையுறையைத் தாண்டிக் குத்திடுச்சு. வேலை போயிடுமோன்னு யாரிடமும் சொல்லலை. விரலைப் பிதுக்கி ரத்தத்தை எடுத்தேன். அப்படிப் பிதுக்கவே கூடாதாம். ஓடுற தண்ணியில் சோப்புப் போட்டுக் கழுவணுமாம்.

சாயங்காலம் குழுக் கூட்டத்தில் என் முகத்தைப் பார்த்துட்டு ஊக்குநர் அக்கா விடாமக் கேட்டாங்க. அழுதுட்டேன். ராத்திரியே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது, 72 மணி நேரம் தாண்டவே கூடாதுன்னார். 28 நாள் சாப்பிட்டேன், குமட்டலோட. ஆறு மாசம் கழிச்சு எடுத்த ரத்தப் பரிசோதனையிலும் ஒண்ணுமில்லைன்னு வந்த பிறகுதான் நிம்மதியாத் தூங்கினேன்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 3 தவணை. எனக்கு அதுவரை ஒண்ணுகூடப் போடலை, நானும் கேட்கலை.

இங்கே ஆஸ்பத்திரி வேலை பார்க்கிறவங்க கை தூக்குங்க. மூணு தவணையும் போட்டவங்க மட்டும் இறக்குங்க. மத்தவங்க கூட்டம் முடிஞ்சதும் என்னைப் பாருங்க, சேர்ந்தே போய்க் கேட்போம்.