படிகம் சொல்லும் கணக்கு

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசு மருத்துவமனை ஒன்றில் கதிர்வீச்சு இயற்பியலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்தபோது ஓர் ஆசிரியை என்னைத் தேடி வந்தார். அவர் வகுப்பில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவளுடைய அம்மாவுக்கு எங்கள் மருத்துவமனையில் எலும்பு ஸ்கேன் எடுத்திருந்தோம். "உங்க அம்மா இருட்டுல மின்னுவாங்களாமே" என்று சொல்லி, இரண்டு நாளாக அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம். "அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்லட்டும் சார்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கான விடைதான் இன்றைய என் உரை.

மின்னுவது அம்மா அல்ல, படிகம். எலும்பு ஸ்கேனில் டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை நரம்பில் செலுத்துகிறோம். அது எலும்பில் போய்ச் சேர்ந்து காமா கதிர்களை வெளியிடுகிறது. அவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது. உடலுக்கு எதிரே சோடியம் அயோடைடு படிகத் தகடு ஒன்று இருக்கிறது. அதில் தாலியம் மிகச் சிறிதளவு கலந்திருக்கும். ஒரு காமா கதிர் அந்தப் படிகத்தில் முழுவதுமாக உட்கவரப்பட்டால், சில ஆயிரம் நீல ஒளித்துகள்கள் சிதறும். அந்த ஒளியும் நம் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலானதே. படிகத்தின் பின்னால் உள்ள ஒளிப்பெருக்கிக் குழாய்கள் அதை மின்துடிப்பாக மாற்றும். எந்தக் குழாய்க்கு எவ்வளவு ஒளி வந்தது என்பதை வைத்து, கதிர் விழுந்த இடத்தைக் கணக்கிடுகிறார்கள். 1950களில் ஹால் ஆங்கர் என்பவர் அமெரிக்காவின் பெர்க்லியில் உருவாக்கிய காமா கேமராவின் அடிப்படை இதுதான்.

டெக்னீசியத்தின் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். நான்கு அரை ஆயுட்காலம், அதாவது 24 மணி நேரத்தில் அது பதினாறில் ஒரு பங்காகக் குறைகிறது. சிறுநீரோடு வெளியேறுவது தனி. ஸ்கேன் எடுத்த அன்று நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், கைக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவோம். அந்த அம்மாவின் மகள் அருகே உட்கார்ந்து படிப்பதில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. இதை அந்த ஆசிரியை வகுப்பில் கரும்பலகையில் பின்னமாகவே போட்டுக் காட்டினார்: அரை, கால், அரைக்கால், வீசம். மறுநாள் அந்தப் பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம்.

கதிர்வீச்சும் ஒளிரும் பொருளும் சேர்ந்த கதை பழையது. 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில், ராண்ட்ஜென் தம் குழாயைக் கறுப்பு அட்டையால் மூடியிருந்தார். அப்போதும் சற்றுத் தள்ளியிருந்த பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய திரை ஒளிர்ந்தது. எக்ஸ் கதிர் அப்படித்தான் அகப்பட்டது. அடுத்த ஆண்டே எடிசன், கால்சியம் டங்ஸ்டேட் அதைவிட நன்றாக ஒளிரும் என்று கண்டு, எலும்பை நேரடியாகப் பார்க்கும் கருவியைச் செய்தார். அவரிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி என்ற கண்ணாடி ஊதும் தொழிலாளி, தம் கையையே கதிரில் வைத்து வைத்துச் சோதித்தார். கைகள் புண்ணாகி, வெட்டி எடுக்கப்பட்டு, 1904இல் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். டாலியிடம் ஒளிரும் திரை இருந்தது. தம் உடல் எவ்வளவு கதிரை வாங்கியது என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இன்று அதைச் சொல்வதும் ஒளிரும் பொருள்தான். எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர் நெஞ்சில் ஒரு சிறு பேட்ஜ் குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை டி.எல்.டி. பேட்ஜ் என்போம். நம் நாட்டுப் பேட்ஜில் டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டாலான மூன்று சிறு வில்லைகள் இருக்கும். பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கியது. சோடியம் அயோடைடு கதிர் பட்டவுடன் ஒளிரும். இந்த வில்லையோ கணக்கை உள்ளே வைத்திருந்து, சூடாக்கும்போதுதான் ஒளிரும். இதுவே வெப்ப ஒளிர்வு.

பிள்ளைகளுக்குச் சொல்லப் பல்லாங்குழி போதும். பலகையைச் சாய்த்துப் பிடித்துப் புளியங்கொட்டைகளை உருட்டி விடுங்கள். பல கீழே ஓடிவிடும், சில குழியில் தங்கும். கொட்டை என்பது கதிர் தட்டி எழுப்பிய எலக்ட்ரான். குழி என்பது படிகத்தில் உள்ள பொறி. எத்தனை கைப்பிடி உருட்டினீர்களோ, அதற்கேற்பத் தங்குவதும் கூடும். பிறகு பலகையைக் குலுக்கிக் கொட்டி எண்ணுங்கள். குலுக்குவதுதான் வெப்பம். கொட்டுவதுதான் ஒளி. ஒருமுறை கொட்டிவிட்டால் பலகை காலி. வில்லையையும் ஒருமுறைதான் படிக்க முடியும்.

இன்னொரு சோதனை. இருட்டில் ஒளிரும் நட்சத்திர ஒட்டிகள் இரண்டை விளக்கொளியில் ஒரே நேரம் காட்டுங்கள். அறையை இருட்டாக்கி, ஒன்றை ஐஸ் தண்ணீரிலும் மற்றொன்றை வெந்நீரிலும் போடுங்கள். வெந்நீரில் உள்ளது பளிச்சென்று ஒளிர்ந்து சீக்கிரம் மங்கும். குளிரில் உள்ளது மங்கலாக நெடுநேரம் நிற்கும். இங்கே எக்ஸ் கதிருக்குப் பதில் விளக்கொளி, அவ்வளவுதான்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பேட்ஜில் கணக்கு கூடினால் வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பேட்ஜைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வேலை செய்தேன். மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது. என் பெயருக்கு நேரே சுழியம்.

மூத்தவர் ஒருவர் தாளைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். "என்னப்பா, மூணு மாசமா வேலைக்கே வரலையா?" என்றார். நான் தலைகுனிந்தேன். அவர் திட்டவில்லை. "வில்லை பொய் சொல்லாது. இழுப்பறைக்குள்ள எவ்வளவு கதிர்னு சரியாச் சொல்லியிருக்கு. உனக்கு எவ்வளவுன்னு இனி யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

அடுத்த மூன்று மாதம் பேட்ஜை ஒழுங்காக அணிந்தேன். என் கணக்கு மற்றவர்களைவிட அதிகமாக வந்தது. வரம்பைத் தாண்டவில்லை. ஆண்டுக்குச் சராசரி 20 மில்லிசீவர்ட் என்பது பணியாளருக்கான வரம்பு. அதற்கு மிகவும் கீழேதான். ஆனால் ஏன் அதிகம் என்று தேடினோம். நான் உட்காரும் பக்கம் ஈயத் தடுப்பு அரையடி விலகியிருந்தது. சரியாக நகர்த்தி வைத்தோம். அதற்கடுத்த அறிக்கையில் கணக்கு இறங்கிவிட்டது. என்னை யாரும் மாற்றவும் இல்லை. பேட்ஜை முதலிலேயே அணிந்திருந்தால் அந்த இடைவெளி மூன்று மாதம் முன்பே அகப்பட்டிருக்கும். அதே நாற்காலியில் மாலைப் பணிக்கு வந்தவரும் அந்த மூன்று மாதம் தேவையில்லாமல் கதிரை வாங்கியிருக்கிறார். என் ஆயுள் பதிவேட்டில் அந்தப் பொய்ச் சுழியம் இன்றும் இருக்கிறது.

உங்களிடம் படித்துப் போகும் பிள்ளைகளில் சிலர் நாளை எக்ஸ்ரே அறையிலும் ஸ்கேன் மையத்திலும் வேலை செய்வார்கள். எல்லோருமே ஒருநாள் நோயாளியாகவோ துணைக்கோ அங்கே போவார்கள். கதிர்வீச்சு என்றதும் ஓடவும் வேண்டாம், விளையாடவும் வேண்டாம். அளந்து பார்க்கலாம் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். நாளை வகுப்புக்குப் போகும்போது ஒரு பல்லாங்குழிப் பலகையை எடுத்துச் செல்லுங்கள்.